சந்தனம் பூசிய கீபோர்டு

அல்சூர், பெங்களூரு
விஜயதசமிக்கு மறுநாள்

அன்புத் தோழி சஹானாவுக்கு,

பாமா எழுதுவது. இங்கே நானும் என் வீட்டுக்காரர் ஸ்ரீகண்டனும் நலம். ஜெர்மனிக் குளிரில் உன் தொண்டை நலமா? வெந்நீர் குடி, வீறாப்பு காட்டாதே. வாட்ஸ்அப்பில் சொன்னால் கட்டைவிரலைக் காட்டிவிட்டு ஓடிவிடுவாய் என்றுதான் இவ்வளவு நீளமான மெயில்.

இங்கே நம் தமிழ்ச் சங்கத்துப் பொங்கல் விழாவில் நீ வந்து பாடும்போது ஆர்மோனியம் வாசிக்க, எனக்குப் பதிலாக சௌம்யாவைக் கேட்டிருக்கிறாய் என்று தெரிந்துகொண்டேன். கோபமில்லை என்று எழுதினால் பொய். ஜீவனஹள்ளி ரோட்டுப் பள்ளத்தில் ஸ்கூட்டரோடு விழுந்ததிலிருந்து என் வலது கையில் மோதிர விரலும் சுண்டு விரலும் சொன்ன பேச்சு கேட்பதில்லை. டாக்டரிடம் கேட்டால் "பார்க்கலாம்" என்கிறார். ஆக, நீ செய்தது நியாயம்தான். நியாயம் என்பதால் வலிக்காமல் போய்விடுமா?

இனி நல்ல செய்தி. நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிவதைப் பார்க்கச் சகிக்காமல், ஸ்ரீகண்டன் ஒரு பழைய கம்ப்யூட்டர் கீபோர்டைத் தூசி தட்டி லேப்டாப்பில் மாட்டினார். ஆர்மோனிய ஒலி தரும் மென்பொருள் ஒன்று இருக்கிறது. எந்தக் கட்டையை அழுத்தினால் எந்த ஸ்வரம் என்பதை நம் இஷ்டப்படி வைத்துக்கொள்ளலாம். துருத்தி போடும் வேலை இல்லையே, இடது கை சும்மாதானே இருக்கிறது? ஸ, ரி, க, ம நான்கையும் அதன் தலையில் கட்டினேன். ப, த, நி வலது கையில் பிழைத்துக்கிடக்கும் விரல்களுக்கு. மேல் ஸ்தாயிக்கு ஸ்பேஸ் பார்.

ஆரம்பத்தில் வாசித்த லட்சணத்தைக் கேட்டு, வீட்டு உரிமையாளர் லட்சுமம்மா கதவைத் தட்டி, "ஏனும்மா பாமா, ஆபீஸ் வேலையா, பஜனையா? எதுவானாலும் ஸொல்ப, கொஞ்சம் நல்லா பண்ணு" என்று கன்னடம் கலந்து சொன்னார். நல்லாவே பண்ணத் தொடங்கினேன்.

சரஸ்வதி பூஜைக்கு ஆர்மோனியத்தோடு இந்தக் கீபோர்டையும் வைத்தேன். பக்தி முற்றிப்போய் ஒவ்வொரு கட்டைக்கும் சந்தனமும் குங்குமமும் அப்பினேன். ஸ்ரீகண்டன் வேண்டாம் என்றுதான் சொன்னார், யார் கேட்டது? பூஜையில் வைத்ததைத் தொடக்கூடாது என்று துடைக்கவும் இல்லை. மறுநாள் எடுத்து மேலாகத் துடைத்துக்கொண்டு, விவேக் நகரில் தபேலா அருண்குமார் வீட்டு ஒத்திகைக்குப் போனேன். சௌம்யாவும் வந்திருந்தாள். முதல் ஸ அழுத்தினேன். இடுக்கில் காய்ந்திருந்த சந்தனத்தில் சிக்கி, உள்ளே போன கட்டை மேலே வரவில்லை. ஸ நிற்காமல் ஒலித்துக்கொண்டே இருந்தது. நகத்தால் நெம்பிப் பார்த்தேன், அசையவில்லை. அருண்குமாரோ கண்ணை மூடிக்கொண்டு, "ஸ்ருதிப் பெட்டி நல்லா இருக்குக்கா" என்று தபேலாவைச் சேர்க்க ஆரம்பித்துவிட்டார். சரி, ஸ்ருதியாகவே இருந்துவிட்டுப் போகட்டும் என்று பக்கத்துக் கட்டைக்கு இன்னொரு ஸ கொடுத்துவிட்டு வாசித்தேன். உண்மையைச் சொன்னபோது அவர் வெகுநேரம் சிரித்தார்.

சௌம்யாவும் வாசித்துப் பார்த்தாள். விரலுக்கு விரல் சிக்கிக்கொண்டது. அந்த அமைப்பு என் கைக்காக வைத்தது, விரல்கள் நன்றாக இருப்பதே அவளுக்கு இடைஞ்சல். "இதை நீங்க மட்டும்தான் வாசிக்க முடியும்க்கா" என்றாள். அடி, எத்தனை மாதம் கழித்து என் காதில் விழுந்த நல்ல வார்த்தை தெரியுமா? காபி குடித்த டம்ளர்களைக் கழுவுகிற சாக்கில் அருண்குமார் வீட்டுச் சமையலறைக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன்.

குறையையும் மறைக்கவில்லை. அழுத்தினாலும் வருடினாலும் ஒரே சத்தம்தான். வேகமான சங்கதிகளில் தடுக்குகிறேன். நேற்று வாசித்ததைப் பதிவு செய்து இத்துடன் இணைத்திருக்கிறேன். 'பாவம், பாமா' என்று நினைத்துக்கொண்டு கேட்காதே. வேறு யாரோ வாசிப்பதாக எண்ணிக் கேள். பிடிக்கவில்லையென்றால் சௌம்யாவே வாசிக்கட்டும். முன்வரிசையில் உட்கார்ந்து கை தட்டுகிறேன், அதற்கு இந்த விரல்கள் போதும்.

உன் குரல் கம்மாமல், குறையாமல் இருக்க அம்பாள் துணை நிற்கட்டும். என் கையைப் பற்றி டாக்டர் சொல்லிக்கொள்ளட்டும். என் வாசிப்பைப் பற்றி நீ சொல். ஆனால் கேட்டுவிட்டுச் சொல், சஹானா.

என்றும் உன்,
பாமா