ஆடு சிலிர்க்கப் பழைய விமானம் வேண்டி

அனுப்புநர்:
மு. விஜி,
த/பெ முத்துவீரன்,
கோயில் தெரு, கடமலைக்குண்டு,
தேனி மாவட்டம்.

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
விமான நிலையம், மதுரை.

பொருள்: புதிய விமானம் சத்தம் போடாததால் என் திருமணம் நின்றுகிடப்பது – ஒரே ஒரு நாள் பழைய விமானத்தைப் பறக்கவிடக் கோருவது – தொடர்பாக.

பார்வை: கடிதம் ஏதுமில்லை. ஆடு மட்டுமே உள்ளது.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் கடமலைக்குண்டு இ-சேவை மையத்தில் பணிபுரிகிறேன். பட்டா மாறுதல் முதல் காட்டுப்பன்றித் தொல்லை வரை ஊராருக்கு மனு எழுதிக் கொடுப்பவள். எனக்கென்று எழுதும் முதல் மனு இதுதான். பெரிய மனது வைத்துக் கடைசி வரை படிக்கவும்.

2. கல்யாணமானாலும் போர்வெல்லானாலும் எங்கள் குலதெய்வம் கருப்பசாமியிடம் உத்தரவு கேட்காமல் நாங்கள் தொடங்குவதில்லை. கோயில் முன்னால் ஆட்டை நிறுத்தி மஞ்சள் தண்ணீர் தெளிப்போம். ஆடு உடம்பைச் சிலிர்த்து உதறினால் சாமிக்குச் சம்மதம். மரம் மாதிரி நின்றால் சம்மதமில்லை.

3. பூசாரி செல்லப்பாண்டி அவர்களைக் காலையிலேயே வரச்சொன்னாலும் சாவகாசமாக உச்சிவேளைக்குத்தான் வருவார். மதுரையிலிருந்து மேற்கே போகும், இறக்கையில் விசிறி சுற்றும் அந்தப் பழைய விமானமும் அதே நேரத்துக்குத்தான் கோயிலுக்கு மேலே வரும். அதன் சத்தம் சுற்றிலுமுள்ள மலையில் மோதித் திரும்பும்போது ஆடு என்ன, ஆளுக்கே தூக்கிவாரிப்போடும். என் அக்கா கல்யாணத்துக்கும், சித்தப்பா போட்ட போர்வெல்லுக்கும் உத்தரவு கிடைத்தது இப்படித்தான். போர்வெல்லில் தண்ணீர் வராதது தனிக்கதை. இதைக் கவனித்தது நான் ஒருத்திதான். வெளியே சொன்னால் அக்கா கல்யாணம் செல்லுமா செல்லாதா என்று பஞ்சாயத்துக் கூடிவிடும் என்பதால் இதுவரை வாயைத் திறக்கவில்லை.

4. இந்நிலையில் கடந்த மாதம் அந்த விமானம் நிறுத்தப்பட்டு, அதே தடத்தில் புதிய ஜெட் விமானம் விடப்பட்டுள்ளது. எட்டாத உயரத்தில் அது பூனை நடப்பதுபோல் போகிறது. சென்ற வெள்ளியன்று எனக்காக உத்தரவு கேட்டபோதும் போயிற்று. ஆடு நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றியும், கழுத்தில் போட்ட மாலையைத் தின்றதே தவிர உதறவில்லை. ஆட்டுக்குக் காது கேட்கவில்லையோ என்னமோ, வேறு ஆடு பார்க்கலாமா என்று என் தாயார் சந்தனம்மாள் கேட்டார். "ஆட்ட மாத்தலாம், சாமிய மாத்த முடியுமா?" என்று சொல்லிவிட்டு என் தகப்பனார் நடையைக் கட்டிவிட்டார்.

5. எனக்குப் பேசியிருக்கும் மாப்பிள்ளை திலீபன், ஓசூர்ப் பக்கம் விமான இன்ஜினுக்குப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறார். புது இன்ஜினில் முன்விசிறி பெரிது, மெதுவாகச் சுற்றும், அதனால்தான் சத்தமே இல்லை, அதில் தன் கைவேலையும் இருக்கிறது என்று பெண் பார்க்க வந்த அன்று அப்பாவிடம் பெருமையாக விளக்கினார். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்று கேள்விப்பட்டிருக்கிறேன், இப்போதுதான் நேரில் பார்க்கிறேன். ஆனாலும் எனக்கு அவரை மிகவும் பிடித்திருக்கிறது. இதையெல்லாம் மனுவில் எழுதுவது முறையா என்று தெரியவில்லை, எழுதிவிட்டேன்.

6. வரும் வெள்ளிக்கிழமை கடைசியாக ஒருமுறை உத்தரவு கேட்க அப்பா ஒப்புக்கொண்டிருக்கிறார். அன்றும் ஆடு அசையாவிட்டால் சம்பந்தம் வேண்டாம் என்று ஓசூருக்குச் சொல்லி அனுப்பிவிடுவார். ஆகவே அன்று ஒரு நாள் மட்டும் பழைய விமானத்தையே, முடிந்தால் கொஞ்சம் தாழ்வாக, அனுப்பி உதவவும். உள்ளே பயணிகள் இல்லாவிட்டாலும் பாதகமில்லை. பதிலைத் தபாலில் போடாமல் இ-சேவை மையத்தின் மின்னஞ்சலுக்கே அனுப்பவும். தபால்காரர் அப்பாவுக்குப் பங்காளி.

7. இது இயலாதென்றால், மறுநாள் சனிக்கிழமை புதிய விமானத்தில் எனக்கும் திலீபனுக்கும் இரண்டு இருக்கைகள், கோயில் தெரிகிற பக்கமாக, கிடைக்குமா என்று தெரிவிக்கவும். மேலேயிருந்தே கருப்பசாமியைக் கும்பிட்டுக்கொள்வோம். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். ஆனால் அப்பாவை ஊர் முன்னால் தலைகுனிய வைத்துவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை ஐயா. அதனால்தான் டிக்கெட் போடுவதற்கு முன்னால் மனு போடுகிறேன்.

பணிவும் பதற்றமுமாக,
மு. விஜி

நாள்: 18.08.2025
இடம்: கடமலைக்குண்டு