அப்பா கோபுரம் ஏறிய விவரம்

லூகோ
18 அக்டோபர் 1994, செவ்வாய்

அன்பு மகன் உல்பியானோவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் எழுந்து நடமாடி, வேளைக்குச் சாப்பிட்டு இருக்கிறோம். நீயும் அந்தக் கனடாக் குளிரில் கால் ஈரமாகாமல் இருப்பாய் என்று வைத்துக்கொள்கிறேன். சென்ற புதன்கிழமை காலை ஏழு இருபதுக்கு உன் அப்பா, நீண்ட ஆலோசனைக்குப் பிறகு, கறுப்புக் காலணியை அலமாரியில் வைத்துவிட்டுப் பழுப்புக் காலணியை அணிவது என்று முடிவு செய்தார். ஆலோசனையில் அவர் ஒருவர்தான் கலந்துகொண்டார். இரண்டு ஜோடியையும் படுக்கையறைத் தரையில் அருகருகே வைத்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு கால் மணி நேரம் நின்றார். நான் குறுக்கிடவில்லை. இந்த நாட்டில் வருஷத்துக்கு ஓர் அரசு கவிழ்வதைப் பார்த்திருக்கிறேன், எதுவும் இவ்வளவு நிதானமாக நடந்ததில்லை. கறுப்பு ஜோடி திருமணங்களுக்கும் சாவுகளுக்கும் உரியது. பழுப்பு ஜோடி ரப்பர் அடி போட்டது, ஆலங்கட்டி மழை பெய்த மறுநாள் காப்பீட்டுக்காகப் பீச் தோட்டங்களை அளக்கப் போகும்போது மட்டும் போடுவார். நாங்கள் போகவிருந்ததோ பொலோஞாவுக்கு. அங்கே வழி முழுக்க வளைவுக் கூரையின் கீழே வழவழப்பான கல் தரையில் நடக்கலாம், சேறு என்பதே கிடையாது. சேறில்லாத ஊருக்கு ஒரு மனிதர் ரப்பர் அடி போட்டுப் போகிறார் என்றால் படி ஏறப் போகிறார் என்று அர்த்தம். அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது, சொல்லவில்லை.

பொலோஞா என்று படித்ததும் நீ ஆச்சரியப்படுவாய். ரயிலில் ஒரு மணி நேரத் தூரம்தான், ஆனால் அப்பா முப்பத்தாறு வருஷமாக அந்த ஊரில் கால் வைக்கவில்லை. மிலானுக்குப் போக வேண்டியிருந்தபோதுகூட ராவென்னா, ஃபெராரா என்று சுற்றிக்கொண்டு போனார். உன்னையும் பக்கத்தில் இருக்கும் பொலோஞாவை விட்டுவிட்டுப் பதுவாவில் சேர்த்தார். கேட்டால் பொலோஞாவின் தண்ணீர் சரியில்லை என்பார். உண்மைக் காரணத்தை இப்போது எழுதுகிறேன், உட்கார்ந்து படி. அப்பா பட்டம் வாங்கவில்லை. சட்டப் படிப்பில் இருபத்தொரு பரீட்சையில் இருபது எழுதி முடித்தார், ரோமச் சட்டம் ஒன்று பாக்கி. ஐம்பத்தெட்டில் அவருடைய அப்பா படுத்துவிட்டார், காப்பீட்டு அலுவலகத்தைப் பார்த்துக்கொள்ள இரண்டு வாரம் என்று வந்தவர் திரும்பிப் போகவில்லை. கண்ணாடி போட்டிருந்தார், இரண்டு வாக்கியத்துக்கு ஒரு லத்தீன் சொல் பேசினார், அதனால் ஊர் அவரைப் பட்டதாரிகளைக் கூப்பிடுவதுபோல ‘தொத்தோரே’ என்று கூப்பிட ஆரம்பித்தது. அவர் ஒருநாளும் தன்னை அப்படிச் சொல்லிக்கொண்டதில்லை, ஒருநாளும் மறுத்ததும் இல்லை. கடித உறையில் பெயருக்கு முன்னால் ‘தொத்தோர்’ போட வேண்டும் என்று உனக்கு ஏழு வயதில் கற்றுக்கொடுத்ததுதான் இந்த விஷயத்தில் அவர் செய்த ஒரே குற்றம். உன் பெயரே அந்த ரோமச் சட்டப் புத்தகத்திலிருந்து எடுத்ததுதான். பரீட்சை எழுதாவிட்டாலும் புத்தகம் வீணாகவில்லை.

எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாய். கல்யாணமான முதல் வருஷம், அறுபத்தொன்று மார்ச்சில், மேசை இழுப்பறையில் காகிதம் விரிக்கும்போது அவருடைய பரீட்சைப் புத்தகம் கிடைத்தது. இருபது பக்கத்தில் பேராசிரியர்களின் கையெழுத்து, மதிப்பெண்கள் எல்லாம் உயர்வானவை. இருபத்தொன்றாவது பக்கம் வெறுமை. காகிதத்தை விரித்துப் புத்தகத்தை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன். பிறகு அதைப் பற்றிப் பேசும் சந்தர்ப்பம் வரவில்லை. வராமல் பார்த்துக்கொண்டேன் என்பது இன்னும் சரியாக இருக்கும்.

இந்த ஏப்ரலில் நீ ஏழு வருஷ ஆராய்ச்சியை விட்டுவிட்டுப் படகு கட்டும் பட்டறையில் சேர்ந்ததாக எழுதினாய். அதற்கு ஜூனில் அப்பா நான்கு பக்கம் பதில் எழுதினார். ‘நம் குடும்பத்தில் யாரும் எதையும் பாதியில் விட்டதில்லை’ என்ற வரி அதில் மூன்றாம் பக்கத்தில் இருந்தது. எழுத்துப் பிழை இருக்கிறதா என்று என்னிடம் கொடுத்தார். பிழை எதுவும் இல்லை, அனுப்பினோம். அதற்குப் பிறகு நீ என்னோடு ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் பேசுகிறாய், அவருக்கு ஒரு வரி எழுதவில்லை. அவர் தினமும் தபால் வரும் பதினொரு மணிக்கு வாசல் கேட்டுக்குப் போய் வருகிறார், ரோஜாச் செடியைப் பார்க்கப் போவதாகச் சொல்கிறார். ரோஜா ஜூலையிலேயே பட்டுப்போயிற்று. அக்டோபர் முதல் வாரம் சூப்புக் குடித்துக்கொண்டிருந்தவர் கரண்டியை வைத்துவிட்டு, “யோலாந்தா, ரெண்டு நாள் பொலோஞா போய்ட்டு வரலாமா? ஊரைப் பார்ப்போம், நல்லா சாப்பிடுவோம்” என்றார். தண்ணீர் இப்போது எப்படி என்று நான் கேட்கவில்லை.

முதல் நாள் ஊர் பார்த்தோம். பெரிய சதுக்கத்துக் கோயிலின் முகப்பு உனக்குத் தெரியும், கீழ்ப் பாதி பளிங்கு, மேல் பாதி வெறும் செங்கல், பல நூறு வருஷமாக அப்படியே நிற்கிறது. அப்பா அதை வெகு நேரம் அண்ணாந்து பார்த்தார். கோயிலுக்கு யாரும் நான்கு பக்கக் கடிதம் எழுதவில்லை என்று எனக்குத் தோன்றியது. மத்தியானம் சந்தைத் தெருவில் மொர்தடெல்லா இறைச்சியைக் காகிதம் மாதிரி சீவி வாங்கி, நின்றபடியே ரொட்டியோடு சாப்பிட்டோம். அது நன்றாக இருந்தது, மறைக்க மாட்டேன். அவர் படித்த காலத்தில் தங்கிய வீடு இப்போது பல் வைத்தியரின் இடமாக இருக்கிறது. வாசல் பலகையில் இருந்த பட்டங்களை எல்லாம் அப்பா கடைசி எழுத்து வரை படித்தார். அந்த ஊரில் ஒரு நம்பிக்கை உண்டு, நீ பதுவாவில் படித்ததால் உனக்குத் தெரிந்திருக்காது. படித்து முடிக்காத மாணவன் ஊர் நடுவில் நிற்கும் உயரமான கோபுரத்தில் ஏறினால் பட்டம் கிடைக்காது. நாற்பது வருஷத்துக்கு முன்னால் சேர்ந்த அப்பா அன்றுவரை அதில் ஏறவில்லை. ஏறாதவரை அந்த ஒரு பரீட்சை பாக்கி என்றுதான் கணக்கு, தோற்றது என்று இல்லை.

மறுநாள் காலை காபி குடித்துவிட்டு நேராகக் கோபுரத்தடிக்குப் போனார். நானூற்றுத் தொண்ணூற்றெட்டு மரப்படி. என் முழங்கால் ஒத்துக்கொள்ளாது என்று அவருக்கே தெரியும், “நீ இங்க உக்காரு, நான் சும்மா பார்த்துட்டு வந்துடறேன்” என்று சொல்லிச் சீட்டு வாங்கி உள்ளே போனார். முதுகு நேராக இருந்தது. நான் உட்கார்ந்த கல் பெஞ்சில் ஒரு மாணவி இருந்தாள், ரொவீகோ பக்கத்துப் பெண், மாட்டு வைத்தியம் படிக்கிறாள், பெயர் ஃபியோரென்சா. அவளைப் பார்க்க வந்த அப்பா அம்மா மேலே ஏறியிருந்தார்கள். “நீங்க ஏறலையாம்மா?” என்றாள். முழங்காலைக் காட்டினேன். “எனக்கு முழங்கால் நல்லாத்தான் இருக்கு, பரீட்சைதான் ரெண்டு பாக்கி. மூணு வருஷமா இந்தத் தெருவுல நடக்கறேன், வாசப்படியைக்கூட மிதிச்சதில்ல” என்று சிரித்துவிட்டு, “உங்க வீட்டுக்காரர் படிச்சு முடிச்சவரா?” என்று கேட்டாள். உல்பியானோ, முப்பத்து மூன்று வருஷமாக இந்தக் கேள்விக்கு நான் தயாராக இருந்தேன். லூகோவில் யாரும் கேட்கவில்லை, எல்லோருக்கும் பதில் தெரியும் என்று நினைப்பு. முன்பின் தெரியாத பெண் கேட்டதும் வாய் தானாகத் திறந்துகொண்டது. “ஒண்ணு பாக்கிம்மா, ரோமச் சட்டம்” என்றேன். “எப்பத்திலேருந்து?” “ஐம்பத்தெட்டுலேருந்து.” அவள் துள்ளி எழுந்தாள். “கடவுளே, இப்பவா சொல்றீங்க!” என்று ஓடினாள். வாசற்படியை மிதிக்காமல் அதன் முன்னால் நின்றுகொண்டு, கழுத்தை மட்டும் உள்ளே நீட்டி, கன்று ஈனும் பசுவுக்கு உதவி கேட்பவள் மாதிரி கத்தினாள். “சார்! சார், மேல போகாதீங்க! உங்களுக்கு ரோமச் சட்டம் பாக்கி இருக்காம்! உங்க வீட்டம்மா சொல்றாங்க!”

கோபுரம் உள்ளே கிணறு மாதிரி, சொன்னதைத் திருப்பித் திருப்பிச் சொல்லும். ‘உங்க வீட்டம்மா சொல்றாங்க’ என்பது நான்கு முறை மேலே போனது. சீட்டுக் கிழிக்கிறவர், “ஏம்மா, பரீட்சைக்கெல்லாம் நான் பொறுப்பில்ல, சீட்டையும் திருப்பி வாங்க மாட்டேன்” என்றார். பிறகு அவரே காதைச் சாய்த்துக் கேட்டார். “நின்னுட்டாரு” என்றார். தெருவில் பேருந்துகள் போய்க்கொண்டிருந்தன. நான் பெஞ்சிலிருந்து எழுந்தேன், எழுந்து என்ன செய்வது என்று தெரியாமல் கைப்பையை மூடினேன், அது மூடித்தான் இருந்தது. “கூப்பிடுங்கம்மா, நீங்க கூப்பிட்டா இறங்கிடுவார்” என்றாள் அந்தப் பெண். கூப்பிட்டிருந்தால் இறங்கியிருப்பார் என்று எனக்கும் தெரியும். நான் கூப்பிடவில்லை. ஒரு நிமிடம் இருக்கும், சீட்டுக்காரர் கையை உயர்த்தி, “ஏறறாரு” என்றார்.

ஒரு மணி நேரம் கழித்து, எல்லோருக்கும் கடைசியாக இறங்கி வந்தார். முகம் சிவந்திருந்தது, சட்டை நனைந்திருந்தது. முதலில் அந்தப் பெண்ணிடம்தான் போனார். “பாப்பா, நீ ரெண்டையும் எழுதிட்டு ஏறு. மேல அவசரமா ஒண்ணும் நடக்கல” என்றார். அவள் அழுதுவிட்டாள், அவளுடைய அப்பா எங்களைச் சந்தேகமாகப் பார்த்தார். வளைவுக் கூரையின் கீழே நடந்தோம். பத்துத் தூண் தாண்டி, “எப்பத்திலேருந்து தெரியும்?” என்றார். “அறுபத்தொண்ணு மார்ச்.” இன்னும் பத்துத் தூண். “ஏன் கேக்கல?” “கேட்டா சொல்லிடுவீங்களேன்னுதான்.” என் கைப்பையை வாங்கிச் சாப்பாட்டுக் கடை வரை அவரே தூக்கிக்கொண்டு வந்தார். அவர் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை.

கடையில் தொர்தெல்லினி சூப்பு, இறைச்சி அடைத்த சின்ன மாவு மடிப்புகள் மிதப்பது. நம் வீட்டுக் கப்பெல்லெத்தியில் பாலாடைக்கட்டிதான் வைப்போம், அதுதான் சரி. பரிசாரகர் தட்டை வைத்து, “சூடா இருக்கு தொத்தோரே, பார்த்து” என்றார். அப்பா, “நான் தொத்தோரே இல்ல” என்றார். பரிசாரகர், “இங்க கண்ணாடி போட்டவங்க எல்லாரும் தொத்தோரேதான், வருத்தப்படாதீங்க” என்றார். அப்பா எழுந்து நின்று, பக்கத்து மேசைகளுக்கும் கேட்கும்படி, “இல்லங்க. நான் படிச்சு முடிக்கல” என்றார். பரிசாரகர் கொஞ்சம் யோசித்து, “அப்ப சீஸ் போடட்டுமா, வேண்டாமா?” என்று கேட்டார். போடச் சொன்னார். பாதித் தட்டில் தலையைத் தூக்காமலே, “அவனுக்கு எழுது. எல்லாத்தையும் எழுது. அந்த மூணாம் பக்கத்தை நான் எழுதியிருக்கக் கூடாது. படகு கட்டட்டும்” என்றார். நீங்களே எழுதக் கூடாதா என்றேன். “என் கையெழுத்தைப் பார்த்தா பிரிக்கவே பயப்படுவான்” என்றார். அதனால்தான் நான் எழுதுகிறேன். அவர் கூடத்தில் தொலைபேசி பக்கத்தில் உட்கார்ந்து, நான் எத்தனையாவது பக்கம் என்று எண்ணிக்கொண்டிருக்கிறார்.

ஊர் திரும்பியதிலிருந்து அவர் சீர்திருத்தத்தில் இறங்கியிருக்கிறார். வெள்ளிக்கிழமை மருந்துக் கடையில் சொன்னார், சனிக்கிழமை முடிவெட்டுகிறவரிடம் சொன்னார். இருவரும் அடக்கம் என்று நினைத்து முன்னைவிட மரியாதையாகக் கூப்பிடுகிறார்கள். நேற்று தபால்காரி மிரெல்லாவைக் கேட்டிலேயே நிறுத்தி, “இனிமே தொத்தோர்னு போட்டு எது வந்தாலும் பெட்டியில போடாதே, இந்த விலாசத்துல அப்படி யாரும் இல்லன்னு எழுதித் திருப்பிடு” என்றார். அவள், “அப்ப தொத்தோரே, உங்க பேருக்கு வர்றதை என்ன செய்ய?” என்று கேட்டாளாம். விளக்க அரை மணி ஆயிற்று.

உனக்குச் சொல்ல அதிகம் இல்லை. ரம்பம் பிடிக்கும்போது கையுறை போடு. நீ கட்டும் படகு முடிந்ததும் ஒரு படம் அனுப்பு, முடியாவிட்டால் பாதியிலேயே எடுத்து அனுப்பு. அப்பாவுக்கு இரண்டு வரி எழுது, உறையில் அவர் பெயரை மட்டும், வெறும் ஒரெஸ்தே என்று போடு. மாதா உன் தலைமேல் கை வைத்திருக்கட்டும். அப்பாவுக்கு அந்த நம்பிக்கை இல்லை, ஆனால் இந்த வரியை வாசித்துக் காட்டியபோது அடித்துவிடச் சொல்லவில்லை.

உன் அம்மா
யோலாந்தா

வியாழன் காலை. தபால்தலை தீர்ந்துவிட்டதால் இது இரண்டு நாள் மேசையிலேயே இருந்தது. இப்போதுதான் மிரெல்லா வந்துவிட்டுப் போனாள். நேற்று தொத்தோர் பெயரில் இரண்டு வந்தனவாம், அப்பா சொன்னபடியே எழுதித் திருப்பிவிட்டாளாம். ஒன்று எரிவாயு அலுவலகத்திலிருந்து. இன்னொன்று தடிமனான உறை, கனடாத் தபால்தலை. நேற்று மத்தியான வண்டியிலேயே போய்விட்டது.