முடிச்சு அவிழாத ஷூ

மார்ச் 3
சலவைக்கூடத்து முதுகுவலித் திட்டத்தை மதிப்பிடும் வேலை என் தலையில் விழுந்தது. மருத்துவமனைத் துணி துவைக்கும் பெண்களுக்கு வாரம் ஒருமுறை உடற்பயிற்சி, இடுப்புக்குச் சூட்டு ஒத்தடம். வலி குறைந்தால் திட்டம் தொடரும். குறையாவிட்டால்தான் அவர்கள் கேட்டுக் கேட்டு அலுத்துப்போன ஸ்பிரிங் வண்டி வருமாம். துணி குறையக் குறைய அதன் அடித்தட்டு தானே மேலே எழும், குனிய வேண்டாம்.

அக்கா அங்கேதான் வேலை செய்கிறாள் என்று எங்கள் தலைவரிடம் சொல்லிவிட்டேன். "அதனாலென்ன, அவங்கள மட்டும் வேற யாராவது விசாரிக்கட்டும்" என்றார்.

மார்ச் 5
திட்டக்காரர்கள் அனுப்பிய கணக்கில் வலி பாதிக்கும் கீழே இறங்கிவிட்டதாம். சந்தோஷம். அப்படியானால் நேற்று என் வீட்டு நாற்காலியிலிருந்து எழுந்திருக்க அக்கா ஏன் மேசையைப் பிடித்துக்கொண்டாள்?

மார்ச் 10
நேரில் போய்ப் பார்த்தேன். அப்போதிலிருந்து பற்றிக்கொண்டு வருகிறது.

குப்புறப் படுக்கவைத்து ஒத்தடம் கொடுக்கிறார்கள். அந்தச் சூடு ஆறுவதற்குள் பயிற்சியாளர் கேட்கிறார்: "இப்ப வலி எவ்வளவு இருக்கு?" அந்த நேரத்தில் யார்தான் வலிக்கிறது என்பார்கள்? பந்தியில் சாப்பிட்டு எழுந்தவனிடம் பசிக்கிறதா என்று கேட்டுவிட்டு, ஊரில் பசியே இல்லை என்று எழுதுவதா?

ஏன் இப்போது கேட்கிறீர்கள் என்றேன். "அப்பதான மேடம் எல்லாரும் ஒரே இடத்துல இருப்பாங்க." கெட்ட மனிதர் இல்லை. அதுதான் இன்னும் எரிச்சலாக இருக்கிறது.

மார்ச் 11
தலைவர்: "எல்லா இடத்துலயும் அப்படித்தான் கேக்குறாங்க. நீங்க மட்டும் ஏன் பெரிசு பண்றீங்க?"
பெரிசு பண்ணத்தானே சம்பளம் தருகிறீர்கள்? — இதை அவர் முகத்துக்கு நேரே சொல்லியிருக்க வேண்டும். வேலை முடிந்து போகும்போது ஒருமுறை கேட்க அனுமதி வாங்கியதோடு வந்துவிட்டேன்.

மார்ச் 13
வாசலில் நின்று கேட்டோம். ஒருத்தி பாக்கியில்லாமல் "வலியே இல்ல." சொல்லாமல் என்ன செய்வார்கள்? மேற்பார்வையாளர் பக்கத்திலேயே கைகட்டி நின்றார். என்னோடு வந்தவள் அக்காவிடம் கேட்டாள். அக்காவும் அதே பாட்டு.

சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போய்ச் சண்டை போட்டேன்.
"பொய் சொன்னா வண்டி எப்படிக்கா வரும்?"
"வலிக்குதுன்னு சொன்னா நாளையிலேருந்து வராதேம்பாங்க. வண்டி வர்றப்ப நான் உள்ள இருக்கணும்ல?"
விருட்டென்று கிளம்பினேன். வாசலில் அவளுடைய வேலை ஷூ கிடந்தது. கயிறு கட்டினபடியே இருக்கிறது, குதிகால் பக்கம் நசுங்கிச் சப்பையாகிவிட்டது. குனிந்து கட்ட முடியாமல் அப்படியே காலை நுழைத்துக்கொள்கிறாள். எத்தனை நாளாக? கூடப் பிறந்தவள், எனக்கே தெரியவில்லையே.

மார்ச் 17
சலவைக்கூடத்தில் பாதிப் பேருடைய ஷூ அந்த லட்சணத்தில்தான் இருந்தது. வலியைப் பற்றி இன்று யாரையும் கேட்கவில்லை. பெயரும் எழுதவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டச் சொன்னோம், அவ்வளவுதான். முக்கால்வாசிப் பேருக்குக் கை கணுக்கால் வரைகூட எட்டவில்லை.

"இதென்ன கூத்து, இது ஒரு பெரிய விஷயமா?" என்று மேற்பார்வையாளரே உட்கார்ந்தார். அவரும் ஒரு காலத்தில் மூட்டை தூக்கியவராம். பாதி குனிந்தவருக்கு இடுப்பு அப்படியே பிடித்துக்கொண்டது. யாரும் சிரிக்கவில்லை. அக்காதான் போய்க் கை கொடுத்து நிமிர்த்தினாள்.

மார்ச் 20
திட்டத்தால் பயன் இல்லை என்று எழுதிக் கொடுத்தேன். "கொஞ்சம் பதமா எழுதலாமே" என்கிறார் தலைவர். எத்தனை பேர் இடுப்பு போனால் பதம் சரியாக இருக்கும்? ஒரு எழுத்தைக்கூட மாற்றமாட்டேன்.

ஏப்ரல் 2
பதில் இல்லை. கிணற்றில் போட்ட கல்.

மே 6
போன வாரம் வண்டி வந்துவிட்டதாம். வேண்டும் என்று மேலிடத்தில் போய் நின்றது அந்த மேற்பார்வையாளர்தானாம்.

வேலை விட்டு அக்கா நேரே இங்கே வந்தாள். வாசற்படியில் உட்கார்ந்து மெதுவாகக் குனிந்தாள். புது ஷூ. கயிற்றை அவிழ்க்க வெகுநேரம் ஆயிற்று. உதவப் போன என் கையைத் தட்டிவிட்டாள்.

"வலிக்குதாக்கா?"
"வலிக்குது" என்றாள்.