இரண்டாம் அறையின் காற்று

ஜனவரி 25

இன்று கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் நெல் ஆராய்ச்சி நிலையத் தலைவர் காங் சொன்னது: "உரம் கேளு, தரேன். மருந்து கேளு, தரேன். தாவோ என்னடான்னா, நெல்லுக்கு வாசம் காட்டிக் காப்பாத்தப் போறாளாம்." எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். நானும் சிரித்துத் தொலைத்தேன். அதுதான் எரிகிறது.

எத்தனை தடவை சொல்வது? வெள்ளத்தில் மூழ்கிய நெல், தன் உடம்பிலிருந்து கிளம்பும் எத்திலீன் வாயுவை வெளியே விட முடியாமல் தன்னைச் சுற்றியே சேர்த்துக்கொள்கிறது. மூழ்கிவிட்டோம் என்பதே அதற்கு அப்படித்தான் தெரிகிறது. அதே வாயுவை இரண்டு நாள் முன்பே துளியளவு காட்டினால், வெள்ளம் வருமுன்பே மூச்சை மிச்சம் பிடிக்கப் பழகிக்கொள்ளும். இதில் சிரிக்க என்ன இருக்கிறது?

ஜனவரி 27

தொடங்கிவிட்டேன். முதல் அறையில் அறுபது நாற்றுகள், வாயுவோடு. இரண்டாம் அறையில் அறுபது, வெறும் காற்று. இரண்டும் மூடிய அறைகள், முப்பது டிகிரிச் சூடு. அறைகளைப் பார்த்துக்கொள்வது லுவா அக்கா. பதினொரு வருடமாக ஆய்வுக்கூட உதவியாளர். நான் இரண்டு நாளும் தொட்டிகளுக்கு ஆற்றுநீர் ஏற்றும் வேலையில்.

ஜனவரி 29

எல்லா நாற்றும் தொட்டிக்குள். பத்து நாள் மூழ்கிக் கிடக்கும். அறைப் பதிவேட்டின் இந்த வாரப் பக்கத்தில் நின்றபடியே கையெழுத்து. வீட்டுக்குப் போகும் கடைசிப் படகு கிளம்பிக்கொண்டிருந்தது.

பிப்ரவரி 2

தெத் புத்தாண்டுக்குச் சாமிமாடத்தில் வைக்க, தலைவர் வீட்டுத் தோட்டத்துப் பப்பாளி, ஆளுக்கு இரண்டு. இந்தக் குளிர்காற்றில் எங்கள் மரத்துக் காய் கல்லாகக் கிடக்கிறது. இவருடையது அத்தனையும் ஒரே மஞ்சள்.

"தலைவர் வீட்டுக் காய் ஆச்சே. சொன்ன தேதிக்குப் பழுக்கும்" என்றார், எல்லோரும் ஏழாம் சித்தப்பா என்று கூப்பிடும் வாசல் காவலர்.

பிப்ரவரி 15

எட்டாம் தேதி தண்ணீரிலிருந்து எடுத்தோம். ஒரு வாரம் தேறவிட்டு இன்று எண்ணினேன்.

முதல் அறை: அறுபதில் நாற்பத்தேழு உயிரோடு.
இரண்டாம் அறை: நாற்பத்து நான்கு.

மறுபடி எண்ணினேன். நாற்பத்து நான்கு. போன வருடம் வெறும் காற்றில் பிழைத்தது பதினொன்று.

தலைவர் பார்த்துவிட்டு, "அப்ப சும்மா காத்தே போதுமே" என்றார். மாத முடிவில் ஆய்வை மூடச் சொல்லிவிட்டார்.

பிப்ரவரி 16

நடுவில் நாற்றுத் தட்டுகள் அறை மாறியிருக்க வேண்டும், இரண்டுக்குமே வாயு பட்டிருக்கிறது. வேறு எப்படி? சாவி லுவாவிடம்தானே இருந்தது.

"தட்டை மாத்தினியா இல்லையா?" என்று கேட்டேன். அக்கா என்றோ நீங்க என்றோ வாயில் வரவில்லை.

"மாத்தல."

"அப்ப எப்படிப் பொழைச்சுது?"

"மாத்தலன்னு சொன்னேன்ல. மிச்சம் உனக்கே தெரியும்" என்றாள். என் முகத்தை ரொம்ப நேரம் பார்த்தாள். என்ன திமிர்!

அவள் மேல் மாகாண அலுவலகத்துக்குப் புகார் எழுதிக் கொடுத்துவிட்டேன்.

பிப்ரவரி 19

லுவாவை விதைக் கிடங்குக்கு மாற்றிவிட்டார்கள். வருட ஒப்பந்தம் மார்ச்சோடு முடிகிறது. புகார் நிலுவையில் இருப்பதால் புதுப்பிப்பது சந்தேகம் என்கிறார்கள். கிடங்கு முழுக்க உமித்தூசி. அவளுக்கு இழுப்பு உண்டு. தெரியும். தெரிந்துதான் சும்மா இருந்தேன்.

மார்ச் 6

முடிவறிக்கைக்கு வெப்ப அளவு எடுக்க அறைப் பதிவேட்டைத் திறந்தேன். லுவாவின் குண்டு எழுத்து:

"ஜன. 27, காலை 8.10. இரண்டாம் அறை. தலைவர் சொன்னபடி அவர் வீட்டுப் பப்பாளி நான்கு கூடை, பழுக்க வைக்க. கூடாது என்றால் தாவோ சொல்லவும்."

ஜன. 29 காலை, நாற்றுகளோடு கூடைகளும் வெளியே போனதாக இன்னொரு வரி. அதற்குக் கீழே என் கையெழுத்து.

பழுக்கிற பப்பாளி விடுவதும் எத்திலீன்தான். காயை மூட்டம் போடுகிற சந்தைக்காரிக்குத் தெரியும். இரண்டு நாள், மூடிய அறை, நான்கு கூடை! அதில் பழுத்ததைத்தானே வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சாமிக்கு வைத்தேன்?

பதிவேட்டோடு தலைவரிடம் போனேன். "பப்பாளி என்ன, நெல்லைத் தின்னுச்சா?" என்றார்.

"காப்பாத்துச்சு. நீங்க கூட்டத்துல சிரிச்சீங்களே, அதே வாசம்தான் காப்பாத்துச்சு."

அவர் பதிவேட்டை இழுத்துப் படித்தார். பிறகு பக்கத்தை என் பக்கம் திருப்பி, விரலை வைத்துக் காட்டினார். "கையெழுத்து உன்னோடதுதானே?"

திட்டப் போனவள் பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். இப்போது யாரைத் திட்டுவது?

மார்ச் 7

கிடங்கு. லுவா அக்கா வாயில் ஈரத்துணி கட்டி மூட்டைகளுக்குச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தார்.

"ஏங்க்கா அன்னைக்கே சொல்லல?"

"எழுதி வெச்சேன், நீ கையெழுத்துப் போட்டே. படிச்சிட்டுத்தான் போட்டேன்னு நெனச்சேன். தலைவரைச் சொல்லப் பயந்துக்கிட்டு நீ என்னை மாட்டிவிடுறேன்னு." துணிக்குள் இருமினார். "வேற ஏதாவது கேட்டியா நீ? மாத்தினியா, மாத்தினியான்னு அது ஒண்ணுதானே."

மன்னிப்புக் கேட்டேன்.

"தூசி. வெளிய போ" என்றார்.

மார்ச் 8

பதிவேட்டுப் பக்கத்தின் நகலோடு மாகாண அலுவலகத்துக்குக் கடிதம். புகாரைத் திரும்பப் பெறுகிறேன். படிக்காமல் கையெழுத்திட்டது என் பிழை. ஆய்வை மறுபடி செய்ய அனுமதி வேண்டும். பப்பாளி யாருடையது என்றும் எழுதினேன். அதை எடுத்துவிடும்படி தலைவர் இரண்டு தடவை ஆள் அனுப்பினார். எடுக்கவில்லை.

மார்ச் 30

ஒப்பந்தப் பட்டியல் ஒட்டினார்கள். கடைசிப் பெயர் லுவா அக்கா. பழைய வேலைக்கே.

ஏப்ரல் 27

அனுமதி வந்து மறுபடி செய்தோம், இந்தத் தடவை மூன்று அறை. வாயு: நாற்பத்தாறு. சந்தையில் வாங்கிய பப்பாளி: நாற்பத்து மூன்று. வெறும் காற்று: பன்னிரண்டு. எண்ணியது அக்கா, சரிபார்த்தது நான். எண்களைத் தவிர வேறு பேச்சில்லை. தலைவர் அறிக்கையை வாங்கி வைத்துக்கொண்டார்.

மாலையில் பதிவேடு என் மேசையில் இருந்தது. குண்டு எழுத்து: "மூன்றாம் அறை. நாற்றைத் தவிர உள்ளே ஒன்றும் இல்லை. படித்துவிட்டுக் கையெழுத்திடவும்."

உட்கார்ந்து முதல் பக்கத்திலிருந்து படித்தேன். படகு போய்விட்டது.