பீடம் இல்லாத கல்

ஏப்ரல் 27, ஞாயிறு

காலையிலிருந்தே புழுக்கம். மேகம் கூடுவதும் கலைவதுமாக. ஹாஸ்டலில் ஒன்பது மணிக்கே தண்ணீர் நின்றது. துவைக்க வேண்டியவை: சீருடை 2, தலையணை உறை, போர்வை. போர்வை அடுத்த வாரம்.

அண்ணன் போன். மே ஒன்று கம்பெனி லீவுதானே என்றான். குருபரப்பள்ளிப் பக்கம் உள்ளே புதிதாகச் சிற்பப் பூங்கா திறந்திருக்கிறார்களாம். அண்ணி ரீல்ஸில் பார்த்தாளாம். காரில் போகலாமாம்.

"நீதான் புக்கு கிக்கு படிக்கறவ. ஒனக்குப் புடிக்கும் பாப்பா."

அப்பா போன பிறகு மூன்று வருடத்தில் அவன் என்னை டீக்கடைக்குக்கூடக் கூட்டிப்போனதில்லை. இப்போது வேப்பனப்பள்ளியிலிருந்து ஓசூர் வந்து ஏற்றிக்கொள்கிறானாம்.

காரணம் தெரியாமல் இல்லை. மே 5, திங்கள், பத்திர ஆபீஸ். மாந்தோப்பில் எங்கள் பங்கை விட்டுக்கொடுத்து அம்மாவும் நானும் அவனுக்கு விடுதலைப் பத்திரம் எழுதித் தர வேண்டும். பிறகு முழுத் தோப்பும் பிளாட் போடுகிற பெங்களூர்ப் பார்ட்டிக்கு. அம்மா தலையாட்டிவிட்டாள். நான் சரி என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. பொங்கலுக்குப் போனபோது ஆதார் நகல் கேட்டான், கொடுத்தேன். போட்டோ இரண்டும். நகல்தானே.

ஏப்ரல் 29, செவ்வாய்

வெயில். ஒரு பெட்டி பாகம் முழுக்கத் திருப்பி அனுப்பினேன். விளிம்பில் பிசிறு. லைன் சூப்பர்வைசர்: "மேடம், ஒங்க கண்ணுக்கு எதுவுமே சரியாப் படாதா?" குறை கண்டுபிடிக்கத்தான் சம்பளம் என்றேன். சிரிக்கவில்லை அவர்.

கேன்டீன் சாம்பாரில் உப்பு இல்லை.

தோப்பைப் பற்றிப் பிசிறுகள்:

1. பொங்கலுக்கு மறுவாரம் பிளாட் பார்ட்டி தோப்பைப் பார்க்க வந்தார்கள். தோப்பில் நிற்கும் வேடியப்பன் சாமிக் கல்லைப் பார்த்து, "சாமி இருந்தா ஊர்க்காரங்க வருஷா வருஷம் வந்து நிப்பாங்களே" என்றார்களாம்.

2. மாசியில் கல்லைக் காணவில்லை.

3. "எவனோ தூக்கினு பூட்டான், வுடு" என்றான் அண்ணன். தேடவில்லை.

4. அம்மா அழவில்லை. (இது ஏன்?)

கல் பெரிதல்ல. என் இடுப்புயரம். என்றோ சண்டையில் செத்த ஒருவன், வில்லோடு, ஒரு காலை முன்னே வைத்து. வருடத்தின் முதல் காயைப் பறித்ததும் அதன் காம்பை அவன் பாதத்தில் ஒடிக்க வேண்டும். சொட்டுகிற பால் கல்லில் கறையாகும். அதற்குப் பிறகுதான் மற்ற மரங்களில் கை வைப்பது. தோப்புக்கார வீட்டில் பிறந்த பெண்தான் ஒடிக்க வேண்டும், வாழ வந்தவள் கூடாது. ஒன்பது வயதிலிருந்து நான்தான். ஆள்காட்டி விரலில் பால் பட்டு வெந்த தழும்பு அந்த முதல் வருடத்தது.

இந்த வருடம் கல் இல்லை. காய் முற்றிக்கொண்டிருக்கிறது.

மே 1, வியாழன்

காலையில் தூறல், பிறகு சுள்ளென்று வெயில். அம்மா வரவில்லை. "தலவலி." நேற்று போனில் நன்றாகத்தான் பேசினாள்.

பூங்கா நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே, பாறைகள் நிறைந்த மேட்டுநிலம். தக்காளி லாரிகளின் ஹாரன் அங்கும் கேட்கிறது. பல்சக்கரங்களால் ஆன குதிரை. ஆளுயரக் கருங்கல் காது. தலையில்லாத பெண். எல்லாம் சிமென்ட் பீடத்தில், பக்கத்தில் பளபளவென்று பெயர்ப்பலகை. ஒன்றின் பெயர் 'காத்திருத்தல்'. வெறும் நாற்காலி.

பின்னால் ஒரு ஜோடி:

"ஏய், இது பாதி வேலதான் முடிஞ்சிருக்கு போல."

"முடிஞ்சிதான்டி இப்பிடி இருக்குது."

அண்ணன் குதிரையைத் தட்டிப் பார்த்தான். "இத நம்ம ஊர்ல நிறுத்தினா பழைய இரும்புக்காரன் விடியறதுக்குள்ள கழட்டிடுவான்." அண்ணி காதின் உள்ளே தலையை விட்டுப் படம் எடுத்தாள். எனக்குக் கரும்புச்சாறு வாங்கித் தந்தார்கள். ஐஸ் வேண்டாம் என்று நான் சொல்லாமலே ஐஸ் இல்லாமல். இவ்வளவு கவனம் எதற்கு?

கிளாஸைக் கீழே வைக்கும் முன்பே அண்ணி: "கூடப் பொறந்தவனுக்கு விட்டுக் குடுக்கறது மொறதானே பாப்பா? நாளைக்கு ஒனக்கு ஒண்ணுன்னா அண்ணன்தான வந்து நிக்கணும்."

அண்ணன் அப்போது போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். போன் திரை அணைந்திருந்தது.

நான் எழுந்து நடந்தேன். கிழக்கு மூலையில் ஒரு புங்கமரம். அதனடியில் நம் கல்.

முதலில் நம்பவில்லை. வில்லேந்தியவர்கள் இந்தப் பக்கம் எத்தனையோ பேர். குனிந்து பாதத்தைப் பார்த்தேன். கறுப்புக் கறைகள், ஒன்றன்மேல் ஒன்று. ஒன்று மட்டும் கோணலாக முழங்கால் வரை ஓடியிருந்தது. பால் சுட்டு நான் கையை உதறிய வருடம். பலகையில்: 'பெயர் தெரியாத வீரன். சிற்பி தெரியவில்லை. பாதத்தில் இயற்கையாக ஏற்பட்ட கறைகள்.'

இயற்கையாக!

அங்கே இது ஒன்றுக்குத்தான் பீடம் இல்லை. நேராக மண்ணில் நட்டிருந்தார்கள்.

அண்ணன் வந்தான். கல்லின் தோளில் முழங்கையை ஊன்றி, "எடு பாப்பா ஒரு போட்டோ" என்றான். எடுத்தேன். அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நெளிவு இல்லை. இவ்வளவு நன்றாக நடிக்க எங்கே கற்றான்?

அவர்கள் காருக்குப் போனதும் கறையைத் தொட்டேன். விசில். காவலாளி ஓடிவந்தார். கன்னடக்காரர், வயதானவர்.

"முட்டபேடி மேடம், முட்டபேடி! தொடக் கூடாது."

இந்தக் கல்லை யார் கொண்டுவந்தது என்று கேட்டேன்.

"ஒரு அம்மா. டெம்போல. இங்க வேல நடக்கறப்பவே வந்தாங்க. பழைய கல்லு இருந்தா குடுங்கன்னு நம்ம ஆளுங்க ஊரூரா கேட்டிருந்தாங்க இல்லியா? பணம் பேடா, பீடம் பேடா, எதுவும் வேணாம், மண்ணுலதான் நிக்கணும், மூஞ்சி கெழக்கால இருக்கணும்னு ஒரே சண்ட மேடம். குழி தோண்டறவர நகரல."

"எப்படி இருந்தாங்க?"

"ரெண்டு பக்கமும் மூக்குத்தி. பொடவ மேல சட்ட. இந்த ஃபேக்டரி சட்ட இருக்கில்ல, நீலக் கலரு, தோள்ல செவப்புப் பட்டி."

என் பழைய சீருடைச் சட்டை. போன வருடம் அம்மாவிடம் கொடுத்தேன், காட்டு வேலைக்குப் போட்டுக்கொள்ள.

திரும்பும்போது அண்ணன் பாட்டுப் போட்டான். நான் தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டேன்.

மே 2, வெள்ளி

எதுவும் எழுதத் தோன்றவில்லை. அளவு பார்க்கும்போது மூன்று முறை தப்பு. அம்மாவுக்குப் போன் செய்து, வைத்துவிட்டேன். இதைப் போனில் கேட்கக்கூடாது.

மே 4, ஞாயிறு

ஊர். வெயில், காற்றே இல்லை. அண்ணன் கிருஷ்ணகிரிக்கு, அண்ணி கோயிலுக்கு. அம்மா கிணற்றடியில் துணி அலசிக்கொண்டிருந்தாள். நீலச் சட்டையோடு.

"கல்லைப் பாத்தேம்மா."

நிமிரவில்லை. "பீடம் கட்டிட்டானுங்களா?"

"இல்ல. மண்ணுலதான் நிக்குது."

"ம்." பிழிந்து உதறினாள். "ஜேசிபிக்குச் சொல்லியாச்சு, மொதல்ல அத எடுத்துடணும்னு ஒங்கண்ணன் போன்ல பேசினான். அது கல்லோ, பழைய மோட்டார் ரூமோ, யாரு கண்டா. கேட்டா உண்மையச் சொல்லப் போறானா?"

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீ அவங்கிட்டச் சொல்லுவ."

"நானா?"

"நான் அவன் வூட்ல சோறு திங்கறன். மாட்டன்னு என்னால சொல்ல முடியுமா? நீ மாட்டன்னு சொல்லுவன்னு பாத்துனு இருந்தன். அவன் கேட்ட ஒடனே ஆதாரத் தூக்கிக் குடுத்துட்ட."

"நகல்தானேம்மா."

"நகலோ அசலோ. அன்னிக்கே நெனச்சன், இது கையெழுத்து போட்டுடும்னு. வேல, ஹாஸ்டல், புக்கு... தோப்பு எதுக்கு அதுக்கு? சரி, கல்லயாவது காப்பாத்துவோம்னு தூக்கினு பூட்டன்."

குரலில் கோபமே இல்லை. அதுதான் தாங்கவில்லை.

இப்போது உள்ளறையில் எழுதுகிறேன். உண்மையை எழுத இதைவிட்டால் வேறு இடம் இல்லை. பொங்கலன்று அந்த நகலைக் கொடுத்தபோது நினைத்தேன்: போட்டுவிடலாம், தொல்லை விட்டது, இனி யாரும் என்னைக் கூப்பிட மாட்டார்கள். அப்படித்தான் நினைத்தேன். அண்ணன்மேல் நான் பட்ட சந்தேகத்தைவிட அம்மா என்மேல் பட்டது சரி.

சாயங்காலம் தோப்புக்குப் போய் முதல் காய் பறித்தேன். வடக்கு வரிசை, மூன்றாவது மரம். காம்பு நீளமாக விட்டு.

மே 5, திங்கள்

லேசான காற்று. பத்திர ஆபீஸில் பதினொரு மணிக்கு டோக்கன். காரில் அண்ணன், அண்ணி, அம்மா, நான். மடியில் பை. பையில் காய்.

குருபரப்பள்ளி வந்ததும் பூங்காவுக்கு விடச் சொன்னேன்.

"இப்பவா? நேரமாவுது பாப்பா."

"பத்து நிமிஷம்."

இன்று அவன் எதற்கும் மறுக்க மாட்டான். வண்டி திரும்பியது. அம்மா என் பையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நேராகப் புங்கமரத்துக்கு. செருப்பைக் கழற்றினேன். காம்பை ஒடித்தேன். பால் பாதத்தில் சொட்டி, தெறித்து, விரலிலும். காவலாளியின் விசில் தூரத்தில் தொடங்கி, பக்கத்தில் வந்து நின்றுபோனது. அவர் அம்மாவைப் பார்த்துவிட்டார். விசிலைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார், நல்ல மனிதர்.

அண்ணன் கல்லையும் காயையும் மாறிமாறிப் பார்த்தான். "இது... நம்ம கல்லா?" நான்கு நாள் முன்பு முழங்கையை ஊன்றிய தோளைத் தொடப் போய்க் கையை இழுத்துக்கொண்டான். அது நடிப்பு இல்லை. அவனுக்குத் தெரியவே இல்லை. இத்தனை வருடமும் அவன் பறிக்கிற மரத்தைத்தான் பார்த்திருக்கிறான்.

"யாரு கொண்டாந்தது இங்க?"

அம்மா புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"நான்தான்" என்றேன்.

"எனக்குத் தெரியும்" என்றாள் அண்ணி. "நான் அப்பவே சொல்லல? ஊமை மாரி இருந்துனு எல்லாம் பண்ணுவாள்னு?"

"கையெழுத்து?" அண்ணன்.

"போடல."

"பாப்பா, பார்ட்டிக்கு வாக்கு குடுத்துட்டன்."

"அது ஒன் வாக்கு. என் பங்கு அதுல சேரல."

இனி அவன் என்னை ஒருபோதும் நம்பப் போவதில்லை. நம்ப வேண்டாம். ராத்திரி அம்மாவுக்கு அந்த வீட்டில் சோறு கிடைக்க வேண்டும்.

என்னை நெடுஞ்சாலையில் இறக்கிவிட்டார்கள். அம்மா இறங்கவில்லை. கதவைச் சாத்தும்போது என் விரலைப் பிடித்து, பால் பட்ட இடத்தைப் புடவைத் தலைப்பால் துடைத்துவிட்டாள்.

ஓசூர் பஸ். நிற்க மட்டும் இடம். விரலில் எரிச்சல். போர்வை இன்னும் துவைக்கவில்லை.