என் கையால் நட்ட பதினோரு குருசு

1931 மார்ச் 31, செவ்வாய். பெரிய வாரம்.

காலையிலேயே அனல். கோயில் பெருக்க ஆள் வரவில்லை, நானே பெருக்கித் தண்ணீர் தெளித்தேன். பேர்தான் உபதேசியார், செபமும் வேதமும் சொல்லிக் கொடுக்கிறவன். விளக்குமாறும் அதில் சேர்த்தி.

சைகோனிலிருந்து மகன் கடிதம், எட்டு மாசத்துக்கு அப்புறம். மொத்தம் ஆறு வரி. நாலு வரி அவன் அம்மா ஞானம்மா கல்லறையைப் பற்றி. இன்னுமா மரக் குருசு, பாஸ்குப் பண்டிகைக்குள் செங்கல் வைத்துக் கட்டிவிடுங்கள் என்று. நான் எப்படி இருக்கேன் என்று கேட்கவில்லை. கேட்டால் மட்டும் இன்னா சொல்லப் போறேன்.

வேண்டியது: செங்கல். சுண்ணாம்பு. மணல் (ஆத்துலயே இருக்கு). கொத்தன் சின்னானுக்கு வில்லியனூருக்கு ஆள் அனுப்பணும். விளக்குத் திரி. உப்பு.

சாயங்காலம் கல்லறைத் தோட்டம். ஞானம்மா குருசு பக்கத்தில் வழக்கம்போல உட்கார்ந்து கடிதத்தைப் படித்துக் காட்டினேன். அவள் போய் நாலு வருஷம். காய்ச்சல் நாள் தவிர ஒரு சாயங்காலம் விட்டதில்லை. பேச வேறே யார் இருக்கா.

ஏப்ரல் 1, புதன்.

சின்னான் கடைக்கால் தோண்ட ஆரம்பித்தான். முழங்கால் ஆழத்தில் மண்வெட்டியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான்.

"இன்னா உபதேசியாரே, இது வெட்டுப்படாத மண்ணு."

"உளறாதேடா."

"ஒருதரம் வெட்டி மூடின மண்ணு பொலபொலன்னு வரும். இத பாருங்க, அடுக்கு அடுக்கா கெட்டியா இருக்கு. இங்க யாரையும் பொதைக்கல."

இன்னும் தோண்டு என்றேன். இடுப்பளவு. மார்பளவு. ஒரு ஆணி இல்லை, பலகைத் துண்டு இல்லை. எலும்பு இல்லை. மூடுடா என்றேன். யாரிடமும் மூச்சு விடாதே என்றேன். "எனக்கெதுக்கு ஐயா" என்று ஓடினான். ஓடின வேகத்தைப் பார்த்தால் நம்பிக்கை இல்லை.

ராத்திரிக் கஞ்சியை எடுத்து நாய்க்கு வைத்தேன்.

ஏப்ரல் 2, பெரிய வியாழன்.

விடிந்ததும் கயிறு எடுத்துப் போய் அளந்தேன். புரிந்துபோச்சு. தலையில் அடித்துக்கொண்டேன்.

மூணு வருஷத்துக்கு முன் ஐப்பசி வெள்ளம். ஆறு தோட்டத்துக்குள் புகுந்து குருசு, வேலி எல்லாத்தையும் அள்ளிக்கிட்டுப் போச்சு. மேலே வண்டல், ஒரே தரை. கரை இடிந்துவிட்டதால் ஊரார் கள்ளி வேலியை ஆறடி, அதாவது ஒரு வரிசை, உள்ளே தள்ளி நட்டார்கள். அப்புறம்தான் நான் குருசு நட்டேன், வேலியிலிருந்து கணக்கு வைத்து. முதல் வரிசை இன்னார், இரண்டாவது இன்னார், கடைசி வரிசையில் ஞானம்மா. எல்லாம் மனப்பாடம். "உபதேசியாருக்குத் தெரியாததா" என்றார்கள். நானும் பெருமையாகத் தலையாட்டினேன். வேலி நகர்ந்ததை மறந்த மடையன்!

ஆக, பதினோரு குருசும் ஒரு வரிசை தள்ளி நிற்கிறது, அடுத்தவர் தலைமேல். கடைசி வரிசைக்கு அடியில் யாருமே இல்லை. ஞானம்மா இருப்பது ஒரு வரிசை முன்னால், குழந்தையம்மா புருஷன் பேர் எழுதின குருசுக்குக் கீழே. கொம்யூன் ஆபீஸ் பதிவில் செத்த தேதி இருக்கும், படுத்த இடம் இருக்காது.

சொன்னால் ஊரே காறித் துப்பும். சொல்லாவிட்டால் வெறும் மண்மேல் கல்லறை கட்டணும், அவள் இன்னொருத்தர் பேரிலேயே கிடப்பாள்.

சுவாமியார் வந்தார். பாவசங்கீர்த்தனம் பண்ணினேன். கோழியைத் திட்டினது, செபத்தில் கொட்டாவி விட்டது எல்லாம் சொன்னேன். இதைச் சொல்லவில்லை.

ஏப்ரல் 3, பெரிய வெள்ளி.

இன்றைக்குக் கோயில் மணி அடிக்கக் கூடாது, மரக்கட்டைதான். கட்டையைத் தட்டித் தட்டிக் கை வலி.

தூம்பா சுற்றி வந்தது. கர்த்தர் சுரூபத்தைக் கிடத்தின அந்தப் பாடைக்கு நானும் தோள் கொடுத்தேன். ஞானம்மாவையும் இதே தோளில்தான் தூக்கினேன். தூக்கினவனுக்கே இறக்கின இடம் தெரியவில்லை.

சாயங்காலம் குழந்தையம்மா தோட்டத்தில். நடவு வேலைக்குப் போகிறவள், என் வயசு. புருஷன் குருசுக்கு வெள்ளிக்கிழமை தவறாமல் பூ. இன்றும் வைத்தாள். "மீந்த சுண்ணாம்பு இருந்தா கொஞ்சம் குடுங்க, குருசுக்கு அடிக்கணும்" என்றாள். கொடுத்தேன். முகம் பார்க்க முடியவில்லை.

ஏப்ரல் 4, சனி.

நாளைக்கு வாசிக்க வேண்டியதைப் பழகினேன். மரிய மதலேனாள் விடியலில் கல்லறைக்குப் போகிறாள், கல்லறை வெறுமை. உயிர்த்தார் என்றா அவளுக்குத் தோன்றுகிறது? யாரோ எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்க, எங்கே வெச்சாங்களோ என்றுதான் அழுகிறாள். முப்பது வருஷமாக வாசிக்கிறேன். சட்டுபுட்டென்று அந்த இடத்தைத் தாண்டிவிடுவேன், அல்லேலூயாவுக்கு அவசரம். இந்த வருஷம் அந்த இடத்தில் வாசிப்பு நின்றுவிட்டது. மூணு தரம் பார்த்தேன், மூணு தரமும்.

அவளிடம் பேச வானத்திலிருந்து சம்மனசுகள் வந்தார்கள். நமக்குச் சின்னான்.

ஏப்ரல் 5, பாஸ்கு ஞாயிறு.

வாசித்தேன். குரல் உடைந்தது. பக்தி என்று நினைத்திருப்பார்கள்.

பூசை முடிந்து ஜனம் எழுமுன் முன்னால் போய் நின்று சொல்லிவிட்டேன். வேலி, வரிசை, வெறும் குழி, எல்லாம். பிறகு பின்னாலிருந்து ஒருத்தன், "அடப்பாவி மனுஷா, எங்க அப்பன்னு நெனச்சு யாருக்குய்யா மெழுகுவத்தி கொளுத்தினேன்?" ஒருத்தி அழுதாள். சுவாமியார் இருமினார். நாளைக்கே அளந்து மாற்றி நட்டுத் தருகிறேன் என்றேன். எழுந்து போனார்கள்.

குழந்தையம்மா மட்டும் போகவில்லை.

"எனக்கு அப்பவே தெரியும் உபதேசியாரே. எங்க வூட்டுக்காரர் தலைமாட்டுல அம்மிக்கல்லுத் துண்டு ஒண்ணு பொதைச்சிருந்தேன். குச்சியால குத்திப் பாத்தேன், வேலியோரமா ஒரு வரிசை தள்ளி இருந்துச்சு."

"தெரிஞ்சும் அந்தக் குருசுக்கா பூ வெச்சே?"

"அங்க யாரு இருக்கான்னு தெரிஞ்சுதான் வெச்சேன். அவருக்கு வேலியோரமா தனியா ஒரு பூ. என் மூணு பிரசவத்துக்கும் கூட இருந்தவ உங்க சம்சாரம். அவளுக்குன்னு ஒருத்தர் வேணாமா?"

"ஏன் சொல்லலை?"

"இன்னான்னு சொல்றது? நீங்க அந்த வெறுந்தரையாண்ட உக்காந்து சிரிச்சுச் சிரிச்சுப் பேசிக்கினு இருந்தீங்க."

சாயங்காலம் தோட்டம். அந்தக் குருசுகிட்ட போய் உட்கார்ந்தேன். வெள்ளிக்கிழமைப் பூ வாடிக் கிடந்தது. மாடு செத்தது, மகன் சைகோன் போனது, என் கண் மங்கினது, ஒண்ணும் அவளுக்குத் தெரியாது. சொன்னதெல்லாம் கெட்டி மண்ணுக்குத்தான் போச்சு. எதிலிருந்து ஆரம்பிக்கிறது என்று தெரியவில்லை. வாடின பூவைப் பொறுக்கி ஓரமாக வைத்தேன். அப்புறம், "ஞானம்மா, நான்தான். இதோ இங்கேயேதான் இருந்தேன், ஆறடி தள்ளி" என்றேன்.