நாடா உருவிய பேன்ட்

2007, ஞாயிறு இரவு

செல்வத்தைப் போதை மறுவாழ்வு இல்லத்தில் விட்டுவிட்டு வந்தோம். நாடா வைத்த துணி உள்ளே கூடாது என்று முன்பே சொல்லியிருந்தார்கள். காரணம் கேட்க எனக்குத் தைரியமில்லை. அவனுடைய டிராக் பேன்ட்டில் நாடாவை உருவிவிட்டு எலாஸ்டிக் வைத்தேன். பனியன் கம்பெனியில் நாளெல்லாம் தைக்கிற கை, பெற்ற பிள்ளைக்கு அளவெடுக்க வேண்டுமா என்று நினைத்துவிட்டேன். அது போன வருட இடுப்பு. வாசலிலேயே நழுவியது.

"வர்ற வாரம் சுருக்கித் தெச்சுக் கொண்டாறேன் கண்ணு" என்றேன்.

"வேண்டாம்மா. உள்ள சோறு நல்லாப் போடுவாங்களாம். இதே பத்தும்."

ஒரு கையில் பை, மறு கையில் பேன்ட். டாட்டா காட்டக் கையில்லாமல் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனான்.

இன்னொரு பேன்ட் மிஷினில் கிடக்கிறது. அதையும் பழைய அளவுக்கே தைக்கிறேன்.